வெளிநாட்டுக் கஃபேக்களில் ஹலால்: பலகை இல்லாத கடையில் எதைக் கேட்பது?

பயணப்பை (கேள்வி)

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் நாடினால் குடும்பத்துடன் இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய நாடுகளுக்கும், பிறகு ஜப்பானுக்கும் செல்லவிருக்கிறோம். மதிய உணவும் இரவு உணவும் எனக்குப் பெரிய கவலையாக இல்லை. ஹலால் உணவகங்களைத் தேடித்தரும் ஸபீஹா போன்ற தளங்கள் 1998 முதலே இருக்கின்றன. பெரிய நகரங்களில் துருக்கிய, அரபு உணவகம் ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும், அதுவும் இல்லையென்றால் மீன் இருக்கிறது. சிக்கல் எல்லாம் இடைப்பட்ட நேரத்தில்தான். ரயில் நிலையத்திலோ அருங்காட்சியக வாசலிலோ கால் ஓய்ந்து ஒரு கஃபேக்குள் நுழைந்தால், அங்கே ஹலால் பலகையும் இருக்காது, சான்றிதழும் இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்குகளும் க்ரோசான்களும் சாண்ட்விச்சுகளும் வரிசையாக அடுக்கியிருக்கும்.

கறுப்புக் காபியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று இருந்துவிடலாம். ஆனால் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். முன்பு சென்ற இடங்களில் “இது ஹலாலா?” என்று கேட்டபோதெல்லாம் பணியாளர்கள் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தபடி தலையசைத்தார்கள், அந்தத் தலையசைப்பை எந்த அளவுக்கு நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. கேக்கில் எதைக் கவனிக்க வேண்டும், பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச்சைச் சுடும் அதே இயந்திரத்தில் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைச் சுட்டுத் தந்தால் என்ன செய்வது, கடைக்காரரிடம் எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேக்கரிப் பணியாளன்

வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரரே. ஐரோப்பியப் பேக்கரிகளின் சமையற்கட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். முதலில் அந்த “ஹலாலா?” என்ற கேள்வியைக் கைவிடுங்கள். கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் பகுதிநேர வேலைக்கு வந்த மாணவராக இருப்பார். ஹலால் என்றால் இறைச்சி தொடர்பானது என்ற மட்டில் கேள்விப்பட்டிருப்பார். ஆப்பிள் கேக்கில் இறைச்சி ஏது என்று நினைத்து அவர் மனமார “ஆம்” என்று சொன்னால் அது பொய்யாகாது, ஆனால் உங்களுக்குப் பயன்படவும் செய்யாது. “இதில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறீர்களா, ஜெலட்டின் இருக்கிறதா, மது எதுவும் ஊற்றியிருக்கிறீர்களா?” என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால், தெரிந்தவர் பதில் சொல்வார், தெரியாதவர் உள்ளே போய்க் கேட்டு வருவார்.

இவற்றுள் பயணிகள் அதிகம் அஞ்சுவது பன்றிக் கொழுப்புக்கு. என் கணிப்பில் அதிகம் ஏமாறுவது மதுவில். ஸ்பாஞ்ச் கேக்கை அடுக்கும்போது ஒவ்வோர் அடுக்கின் மேலும் தூரிகையாலோ, மூடியில் துளையிட்ட புட்டியாலோ சர்க்கரைப் பாகு தெளிப்போம். கேக் உலராமல் இருப்பதற்காகச் செய்யும் வேலை அது. அந்தப் பாகில் ரம், செர்ரியிலிருந்து வடித்த கிர்ஷ், ஆரஞ்சு மது என ஏதேனும் ஒன்றைக் கலப்பது பல சமையற்கட்டுகளில் அன்றாட வழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பழக் கேக்காகத்தான் தெரியும், விலைச்சீட்டிலும் மதுவின் பெயர் இருக்காது. அடுப்பிலிருந்து எடுத்து ஆறிய பிறகு தெளிப்பதால், சூட்டில் ஆவியாகிப் போயிருக்கும் என்ற சமாதானத்துக்கும் அங்கே இடமில்லை. ஆகவே அடுக்குக் கேக் எதைக் கண்டாலும் பாகில் மது உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

பெயரிலேயே தெரிந்துவிடுபவையும் உண்டு. பிளாக் ஃபாரஸ்ட் கேக் என்று நாம் சொல்லும் கறுப்புக்காட்டு செர்ரி கேக்கில் கிர்ஷின் சுவை தெரியும்படி இருக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் உணவு வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது; எனவே அங்கே அதை விசாரிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். திராமிசுவில் மர்சாலா என்னும் திராட்சை மதுவோ ரம்மோ சேர்க்கும் கடைகள் பல. “மலகா” என்று எழுதிய ஐஸ்கிரீம் ரம்மில் ஊறிய திராட்சை கலந்தது. பிள்ளைகள் திராட்சையைப் பார்த்து ஆசைப்படுவார்கள், கவனம்.

கொழுப்பைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர் நிலைமை மாறும். பிரான்சில் வெண்ணெய் க்ரோசான் என்று எழுதியிருந்தால் அது வெண்ணெய்தான். தெற்கே போகப் போக எச்சரிக்கை கூட வேண்டும். சிசிலியின் கன்னோலியில் உள்ளே வைக்கும் ரிக்கோத்தா பாலாடை சாதுவானது; வெளிக்கூட்டின் மாவில்தான் மரபாகப் பன்றிக் கொழுப்பும் மர்சாலாவும் இரண்டுமே சேரும். நேப்பிள்ஸ் நகரத்துச் ஸ்ஃபோல்யத்தெல்லாவின் மடிப்புகளுக்கு இடையிலும் மரபாகத் தடவுவது பன்றிக் கொழுப்புதான். ஸ்பெயினில் மயோர்க்கா தீவின் என்சைமாதா, பண்டிகைக் காலத்துப் போல்வொரோன், மந்தேகாதோ ஆகிய மூன்றும் மரபான செய்முறையில் பன்றிக் கொழுப்பில் செய்பவை. ஜெர்மனியின் தெற்கே ப்ரெட்ஸெல் மாவிலும் சிலர் சேர்ப்பார்கள். உள்ளே ஜாம் வைத்துப் பொரிக்கும் உருண்டைகளைச் சில கடைகளில் இன்றும் அந்தக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள்.

பன்றி, மாடு போன்ற விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுத்து, பலகாரத்தை உறையவைக்கச் சேர்க்கும் ஜெலட்டினை ஓரளவுக்குக் கண்ணாலேயே ஊகிக்கலாம். சீஸ்கேக்கின் மேற்பரப்பு பழுப்பேறி, ஓரம் சற்று வெடித்து, வெட்டிய முகம் மாவுபோல் இருந்தால் அது முட்டையால் இறுகி அடுப்பில் வெந்தது; ஜெலட்டின் தேவைப்பட்டிருக்காது. வெட்டிய முகம் வழவழப்பாக, தட்டை அசைத்தால் துள்ளும் பதத்தில் இருந்தால் ஐயப்படுங்கள். கண்ணாடிபோல் மின்னும் மேற்பூச்சு, மூஸ், பன்னக்கோத்தா, சூடான சாக்லேட்டின் மேல் மிதக்கும் மார்ஷ்மெல்லோ ஆகியவையும் இந்த வகைதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைப் பயணிகள் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண்ணுள்ள விதிப்படி, 2014 டிசம்பர் முதல், பொட்டலமிடாமல் விற்கும் உணவுக்கும் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தைக் கடை தந்தாக வேண்டும். பல கஃபேக்களில் இது கல்லாவுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையிட்ட கோப்பாக இருக்கும். கேட்டால் தயங்காமல் எடுத்துத் தருவார்கள். பன்றியும் ஜெலட்டினும் மதுவும் அந்த 14இல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பல கோப்புகளில் ஒவ்வொரு பலகாரத்தின் முழுச் சேர்மானமும் எழுதியிருக்கும். அப்படி இல்லாவிட்டாலும் சல்ஃபைட் என்னும் பதப்படுத்தும் பொருளுக்கான கட்டத்தைப் பாருங்கள். திராட்சை மது சேர்ந்தால் அங்கே குறி விழ வாய்ப்பு அதிகம். உலர்பழத்தாலும் விழும் என்பதால் அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், அடுத்த கேள்வியைக் கேட்பதற்கான காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் இருக்கை

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே சகோதரர் எழுதியதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. “ஹலாலா?” என்று கேட்பதே வீண் என்பது பிரிட்டனுக்குப் பொருந்தாது. லண்டன், பர்மிங்காம், பிராட்ஃபோர்ட் போன்ற நகரங்களில் கோழி சாண்ட்விச் விற்கும் கஃபேக்களில் பணியாளரே “எங்கள் கோழி ஹலால்” என்று முந்திக்கொண்டு சொல்வதுண்டு. அங்கே கேட்க வேண்டியது, சான்றளித்தது யார் என்பதைத்தான். 1994இல் தொடங்கிய ஹலால் ஃபுட் அத்தாரிட்டி, விலங்கு இறந்துவிடாத வகையில் மயக்கமூட்டி அறுப்பதை ஏற்கிறது. 2003இல் தொடங்கிய ஹலால் மானிட்டரிங் கமிட்டி மயக்கமூட்டலையும் இயந்திர அறுப்பையும் ஏற்பதில்லை. நீங்கள் எந்தக் கருத்தைப் பின்பற்றுகிறீர்களோ அதற்கேற்ற முத்திரையைத் தேடுங்கள்.

சான்றிதழ் தொங்கும் நாடுகளிலும் ஒரு தடவை நின்று படித்துவிட்டுப் போவது நல்லது. சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாக்கிம் ஆகியவற்றின் சான்றிதழில் கடையின் பெயரும் முகவரியும் முடிவுத் தேதியும் இருக்கும். “பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை” என்று கடையே ஒட்டிக்கொள்ளும் அறிவிப்பு இதற்கு ஈடாகாது; அந்தக் கடையில் கோழி எங்கிருந்து வந்தது, கேக்கில் ரம் உண்டா என்பவற்றை அது சொல்வதில்லை. இந்தோனேசியாவில் 2014ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டப்படி நடுத்தர, பெரிய நிறுவனங்களின் உணவுக்கும் பானத்துக்கும் 2024 அக்டோபரிலிருந்து ஹலால் சான்று கட்டாயமாகியிருக்கிறது. சிறு கடைகளுக்குக் கூடுதல் அவகாசம் தரப்பட்டது. ஆகவே அங்கேகூடத் தெருமுனைச் சிறு கஃபேயில் சான்று இல்லை என்பதைக் கண்டு அரண்டுவிட வேண்டாம்.

தாலிபுல் இல்ம்

வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ். மார்க்க அடிப்படையில் சிலவற்றைச் சொல்கிறேன். இறுதி முடிவை உங்கள் மத்ஹபின் (நீங்கள் பின்பற்றும் சட்டப் பள்ளியின்) ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரம் பற்றிய கவலைக்கு அபூ ஸஅலபா அல்குஷனீ (ரலி) அவர்களின் ஹதீஸ் வழிகாட்டுகிறது. வேதக்காரர்களின் ஊரில் வசிக்கிறோம், அவர்களுடைய பாத்திரங்களில் உண்ணலாமா என்று அவர் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றில் உண்ண வேண்டாம், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. கஃபேயின் கோப்பையும் தட்டும் கழுவும் இயந்திரத்திலிருந்து வருபவை, ஆகையால் அவற்றைத் துருவ வேண்டிய தேவையில்லை என்பதே பலரின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் பன்றியின் அசுத்தத்துக்கு ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து, கழுவ வேண்டும் என்ற கருத்து பெயர்பெற்றது; ஆனால் ஆதாரத்தைப் பார்த்தால் ஒருமுறை கழுவுவதே போதும் என்பதுதான் வலுவானது என்று அதே மத்ஹபின் இமாம் நவவீ எழுதியிருக்கிறார். சாண்ட்விச்சை அழுத்திச் சுடும் இயந்திரத்தின் நிலை வேறு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் அதை யாரும் கழுவுவதில்லை, முன்னதின் கொழுப்பு அதன் வரிகளில் உருகிக் கிடக்கும். அங்கே சுடாமல் அப்படியே வாங்கிக்கொள்வது, அல்லது பேக்கிங் தாளில் சுற்றிச் சுடச் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது.

கருத்து வேறுபாடு உள்ளவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரே குடும்பத்துக்குள்ளேயே மேசையில் விவாதம் நடக்கும். பாலாடைக்கட்டியை உறையவைக்கும் ரென்னட் மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு அதுதான் விதிக்கப்பட்ட முறை. ஷரீஅத் முறையில் அறுக்கப்படாத விலங்கின் ரென்னட்டும் தூய்மையானதே என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் அது ஏற்கப்படுவதில்லை. இ-120 என்னும் சிவப்புச் சாயம் ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. பூச்சிகளை உண்ணக்கூடாது என்ற அடிப்படையில் ஹனஃபி அறிஞர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். இந்தோனேசிய உலமா சபை 2011இல் அதை அனுமதித்துத் தீர்ப்பளித்தது. வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கேக்கில் ஓரிரு துளி சேர்ந்து வெந்த பிறகு அதன் சட்டநிலை என்ன என்பதில் அறிஞர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. இறைச்சியில், வேதக்காரர்களின் உணவை அனுமதிக்கும் குர்ஆனின் 5:5 வசனத்தை இன்றைய ஐரோப்பியக் கடைகளுக்குப் பொருத்துவதிலும் அதே நிலைதான். நான் கோழி சாண்ட்விச்சைத் தவிர்த்துவிட்டு முட்டையும் மீனும் எடுத்துக்கொள்பவன், அவ்வளவே.

காபியே ஒருகாலத்தில் இந்த வரிசையில் நின்றதுதான் என்பதை நினைத்தால் சற்று வேடிக்கையாக இருக்கிறது. 1511இல் மக்காவின் அதிகாரியாக இருந்த காயிர் பேக், அறிஞர்களைக் கூட்டி விவாதித்துக் காபிக்குத் தடை விதித்தார். அந்தத் தடை நீடிக்கவில்லை.

சைவப் பயணி

வணக்கம். நான் சைவ உணவுக்காரி, ஆனால் உங்கள் சிக்கலில் பாதி எங்களுடையதும்தான். எந்தக் கடையிலும் “வீகன்” என்று குறித்த பலகாரத்தைத் தேடுங்கள். பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின், ரென்னட், பூச்சிச் சாயம், இறகிலிருந்தோ பன்றி மயிரிலிருந்தோ எடுக்கக்கூடிய, மாவைப் பதப்படுத்தும் இ-920, விலங்கா தாவரமா என்று தெரியாத கொழுப்புச் சேர்மானமான இ-471 ஆகிய அத்தனை கேள்விகளும் அந்த ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஐரோப்பியக் கஃபேக்களில் இப்போது அப்படி ஒரு கேக்காவது பெரும்பாலும் இருக்கிறது. மது மட்டும் வீகனுக்குத் தடையில்லை. அதை நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும்.

கிழக்குத் திசை

அஸ்ஸலாமு அலைக்கும். ஜப்பானைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். ஐரோப்பாவில் கேள்வி கேட்பது எளிது, எழுத்தில் நமக்கு வேண்டிய விவரம் எப்போதும் கிடைத்துவிடாது. ஜப்பானில் அதற்கு நேர்மாறாக, மொழிச் சிக்கலால் கேட்பது கடினம், ஆனால் எழுத்தில் கிடைப்பது நமக்கு அதிகம் உதவும். அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் கட்டாயப் பகுதி ஒன்றும் பரிந்துரைப் பகுதி ஒன்றும் உண்டு. அந்தப் பரிந்துரைப் பகுதியில் பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி, கோழி இறைச்சி ஆகியவற்றுடன் ஜெலட்டினும் தனிப் பெயராக இடம்பெற்றிருக்கிறது. பெரிய சங்கிலிக் கஃபேக்கள் தங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு கேக்குக்கும் சாண்ட்விச்சுக்கும் வட்டக் குறியிட்ட அட்டவணை வெளியிடுகின்றன. கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை அந்த அட்டவணையின் தலைப்பு வரிசையில் ஒருமுறை காட்டிவிட்டால், பன்றிக் கட்டமும் ஜெலட்டின் கட்டமும் எவை என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு வெறும் கண்ணாலேயே இறங்கி வரலாம். தென்கொரியாவிலும் பொட்டல உணவின் கட்டாய ஒவ்வாமைப் பட்டியலில் பன்றி இறைச்சி இருக்கிறது.

அட்டவணையில் வராதவை மதுவும், கொழுப்பின் மூலமும். ஜப்பானியச் சாண்ட்விச்சில் தெரியாக்கிக் குழம்பு தடவிய கோழி இருந்தால் அதில் மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவும் சாக்கே மதுவும் சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அசல் மிரினில் ஏறத்தாழ 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. ரொட்டி வகைகளில் ஷார்ட்னிங் (மாவில் சேர்க்கும் கெட்டிக் கொழுப்பு) என்றும் எமல்சிஃபையர் (கொழுப்பையும் நீரையும் கலக்கவைப்பது) என்றும் எழுதியிருக்கும், ஆனால் அது தாவரத்திலிருந்தா விலங்கிலிருந்தா என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அதே நேரத்தில், ஜெல்லி என்றாலே ஒதுக்கிவிடவும் வேண்டாம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் கான்தென்னால் உறையவைத்த மரபான இனிப்புகள் அங்கே ஏராளம்; பயறு விழுதும் அரிசிமாவும் கொண்டு செய்யும் பழைய பாணி இனிப்புகள், மேலைநாட்டுப் பாணிக் கேக்குகளைவிட நமக்குப் பாதுகாப்பானவை என்பது என் கருத்து. பபுள் டீயின் உருண்டைகள் மரவள்ளி மாவுதான். அதில் கூடுதலாகச் சேர்க்கும் புட்டிங்கை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயணப்பை

அனைவருக்கும் ஜஸாகுமுல்லாஹு கைரன். கோப்பைக் கேட்டு வாங்கலாம் என்பதே எனக்குப் புதிய செய்தி. கேக்கும் சாண்ட்விச்சும் பெருமளவுக்குத் தெளிவாகிவிட்டன. பானங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? காபிக்கு மேலே ஊற்றும் சுவைப்பாகுகளில் அமரெத்தோ, ஐரிஷ் க்ரீம் என்று மதுவின் பெயர்களையே பார்க்கிறேன். ஆல்கஹால் இல்லாதது என்று எழுதிய பானங்களை அப்படியே நம்பலாமா?

பேக்கரிப் பணியாளன்

பாகுப் புட்டிகளில் பெரும்பாலானவை பெயரளவில்தான் மது, உள்ளே இருப்பது சர்க்கரையும் வாசனைச் சாரமும். ஆனால் காலையில் கஃபே, மாலையில் மதுக்கூடம் என்று இயங்கும் கடைகளில் அதே பெயருடைய உண்மையான மதுப்புட்டியும் அதே அலமாரியில் நிற்கும். புட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தின் புட்டியில் அதன் அளவைச் சதவீதக் குறியுடன் அச்சிட்டாக வேண்டும். அந்த எண் இருந்தால் அது மது. ஜெர்மனியில் ஆல்கஹால் இல்லாதது என்று எழுதிய பீரில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம், கொம்புச்சா என்னும் தேநீரும் நொதித்த பானம்தான். இந்தோனேசிய உலமா சபை 2018இல் மதுவிலிருந்து வராத, 0.5 சதவீதத்துக்கும் குறைவான நொதிப்பானங்களுக்கு அனுமதி தந்திருக்கிறது. எனக்கென்னவோ பீர் என்ற பெயரில் வருவதைப் பிள்ளைகள் முன்னால் குடிக்க மனமில்லை.

பெயரை வைத்தே ஒதுக்க வேண்டிய காபிகளும் சில உண்டு. இத்தாலியில் கஃபே கொரெத்தோவில் கிராப்பா என்னும் மதுவை ஊற்றுவார்கள், ஸ்பெயினில் கராஹியோவில் பிராந்தியோ ரம்மோ, வியன்னாவில் ஃபியாக்கரில் ரம்மோ கிர்ஷோ. வட ஜெர்மனியின் ஃபாரிஸேயரில் ரம்மின் வாசனை வெளியே தெரியாமலிருக்கவே மேலே கெட்டியாகக் க்ரீம் போடத் தொடங்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். புதுப்பாணிக் கடைகளில் விஸ்கி, ரம் பீப்பாயில் வைத்து வாசனையேற்றிய காபிக் கொட்டைகளை வறுத்து விற்கிறார்கள். பையில் பீப்பாய்ப் படம் இருந்தால் வேறு கொட்டையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் இத்தாலியில் ஷகெராத்தோ என்று பனிக்கட்டியுடன் குலுக்கித் தரும் காபியில் பொதுவாக மது இல்லை, ஆனால் அதைக் குலுக்குவது மதுக்கலவை செய்யும் அதே குவளையில். கழுவிவிட்டுக் குலுக்குங்கள் என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.